ஒன்பதாம் பகுதி

சிவபாலன் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால்தான் நதியாவால் டேப்லெட்டில் கேள்விகளின் ஒன்பதாம் பகுதியைத் திறக்க முடியும். அவனோ காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் எட்டுப் பகுதிகளுக்கு யார் சொன்னாலும் செல்லும். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் யார் யார், கூரை எதனால் போட்டது, கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, போன முறை இருந்த மிக்சி இப்போதும் ஓடுகிறதா, சென்ற வாரம் முட்டை சாப்பிட்டீர்களா. சிவபாலன் முட்டைக் கேள்விக்குச் சிரித்தான்.

"நாங்க சைவம்மா. மூணு வருஷத்துக்கு ஒருக்கா இதையேதான் கேக்கறீங்க. இன்னும் மாறலையான்னு பாக்க வர்றீங்களா?"

"எல்லார் வூட்லயும் கேக்கறதுதான் சார்."

"நீ எந்த ஊரு?"

"வாலாஜாபாத் பக்கம் சார்."

"வாலாஜாபாத்ல எங்க?"

இந்தக் கேள்வி டேப்லெட்டில் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் உண்டு. நதியா என்ற பேரை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் ஊரைக் கேட்பார்கள், ஊருக்குள் தெருவைக் கேட்பார்கள். அவள் ரைஸ்மில் பக்கம் என்றாள். அது பொய்யில்லை. அப்பா அந்த மில்லில்தான் மூட்டை தூக்குகிறார். சிவபாலனுக்குப் போதுமான அளவு பிடிபட்டுவிட்டது. டீ வந்தபோது அவனுக்குத் தம்ளரிலும் அவளுக்குக் காகிதக் கப்பிலும் வந்தது.

கொண்டுவந்து வைத்தவள் அவன் மனைவி ஏலவார்குழலி. முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். வைத்துவிட்டு, கூடத்தின் பின்னால் இருந்த சமையலறைக்குப் போய் ராட்டையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் நெய்ய நெய்ய, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் நூலை அவள்தான் சுற்றித் தர வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழை நாடுகளில் குடும்பங்கள் எப்படி மேலே வருகின்றன என்று கண்டுபிடிப்பதற்காக, எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் காஞ்சிபுரத்தைச் சுற்றிச் சில நூறு வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்தது. ஏறக்குறைய இருபது வருஷமாக அதே வீடுகளுக்கு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஆள் போகிறது. அதே கேள்விகள். வீட்டில் குழந்தை பிறந்தால் சேர்த்துக்கொள்வார்கள், கிழவர் செத்தால் எடுத்துவிடுவார்கள். மருமகள் வந்தால் அவளுக்கும் ஒரு எண் உண்டு. உதவி மட்டும் செய்யக் கூடாது. உதவினால் அந்த வீடு கெட்டுவிடும், அப்புறம் அதை வைத்துப் படிக்க முடியாது. அரிசி இல்லை என்று சொன்னால் 'இல்லை' என்று தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இத்தனை வருஷத்தில் யார் வீட்டு வறுமையும் இவர்களால் போகவில்லை. ஆனால் அது எப்படிப் போகவில்லை என்பது இவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஒன்பதாம் பகுதி பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டியது. உங்கள் கணவர் உங்களை எப்போதாவது அறைந்திருக்கிறாரா என்று தொடங்கும். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி கீழே இறங்கும். நடுவில் யாராவது வந்துவிட்டால் திரையின் மூலையைத் தொட்டால் போதும், சமையல் கேள்விகள் வந்துவிடும். என்ன எண்ணெய் வாங்குகிறீர்கள், சாம்பாருக்குப் பொடி கடையிலா வீட்டிலா. பயிற்சியில் அதற்குப் பொய்ப்பக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மாதத் தொடக்கத்தில் வீடியோ கூட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியை ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். காஞ்சிபுரத்தில் மட்டும் எந்தக் கணவனும் அடிப்பதே இல்லையா? மேற்பார்வையாளர் வெங்கடேசன் அதைத் தன்மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பெண்களை மட்டும் நிறுத்திவைத்துப் பேசினார்.

"பழகுங்கம்மா. அக்கா தங்கச்சி மாதிரி பழகுங்க. போனவுடனே அடிச்சாரா ஒதைச்சாரான்னு கேட்டா எவ சொல்லுவா? இந்த ரவுண்டு முடிஞ்சதும் ரெண்டு பேரைத்தான் நிரந்தரமா எடுக்கப் போறாங்க. யார் தரமா வேலை செய்யறாங்கன்னு மேல பாத்துக்கினே இருக்காங்க."

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நதியா வந்தே ஆக வேண்டும். அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வாங்கி இரண்டு வருஷம் சும்மா இருந்தபோது, பட்டத்தைக் கரைத்துக் குடி என்று சொல்லாதவர்கள் அந்தக் காலனியில் கிடையாது. வேலை இல்லை என்றால் வைகாசியில் மாமன் மகன் அஜித்துக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அஜித் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். குடிக்காத நேரத்தில் தங்கமான பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். குடித்த நேரத்தில், பஸ் ஸ்டாண்டில், பெற்ற தாயையே அவன் அறைந்ததை நதியா கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்த வேலைதான் அவளுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் சிவபாலன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினான். தறி அடிக்கத் தொடங்கியது.

நதியா சமையலறைக்குள் போய் குழலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையார்பாளையத்து வீடுகளில் தனி இடம் என்று ஒன்று கிடையாது. வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே நீட்டம், முன்னால் கிசுகிசுத்தால் பின்னால் கேட்கும். ஆனால் தறி ஓடும்போது எதுவும் கேட்காது. தறி ஓடும்வரை அவன் குழியில் இருக்கிறான் என்று அர்த்தம். நின்றால் உடனே எண்ணெய்க்கும் சாம்பாருக்கும் மாறிவிட வேண்டியதுதான். இந்த வழியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"இது தனியா கேக்கறதுக்கா. நீங்க சொல்றது யாருக்கும் போவாது. பேரு கெடையாது, வெறும் நம்பர்தான். தறி நின்னா எண்ணெயப் பத்திப் பேசிக்கலாம்."

"தெரியும். போன தடவ ஒரு அம்மா வந்துச்சு. எங்க ஆளுங்கதான், பெரியதெரு. அதுகிட்ட எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொன்னேன்."

"இப்ப?"

குழலி ராட்டையை நிறுத்தாமல் அவளைப் பார்த்தாள்.

"சொன்னா இன்னா ஆவும்?"

"பதிவாவும்."

"அப்புறம்?"

நதியாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அவ்ளோதாங்க்கா."

குழலி சிரித்தாள். நல்ல சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய.

"அப்ப சரி. எதுவும் ஆவாத எடத்துலதான சொல்ல முடியும். எங்கம்மாகிட்ட சொன்னா அழுவும். அண்ணங்கிட்ட சொன்னா இங்க வந்து கத்திட்டுப் போயிடுவான், அப்புறம் ராத்திரி நாந்தான இருக்கணும்? உங்கிட்ட சொல்லலாம். தப்பா நெனச்சிக்காத, நீ எங்க ஆளு இல்ல. நீ போயி வெளிய சொன்னாலும் எங்க தெருவுல ஒருத்தனும் உன் பேச்சக் காதுல வாங்கமாட்டான்."

இதற்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நதியாவுக்குத் தெரியவில்லை. அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். ஆமாம். இரண்டாவது. ஆமாம். மூன்றாவது கேள்விக்குத் தறி நின்றது.

"கடலெண்ணதான் வாங்கறோம்," என்றாள் குழலி, மூலையை நதியா தொடுவதற்கு முன்னாலேயே. "தீவாளிக்கு மட்டும் நல்லெண்ண."

சிவபாலன் வந்து சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். "இன்னும் முடியலையா உங்க எண்ணக் கத?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். மறுபடி தறி அடித்தது. சூடு வைத்திருக்கிறாரா என்ற கேள்விக்குக் குழலி ராட்டையை நிறுத்தினாள். ஜாக்கெட்டின் கழுத்தை இடது தோளிலிருந்து இழுத்துக் காட்டினாள். இஸ்திரிப்பெட்டியின் முனை, கூரோடு, அப்படியே பதிந்திருந்தது. பழசுதான். ஓரமெல்லாம் பளபளவென்று இருந்தது.

"பட்டு மடிப்பு கலைஞ்சிச்சாம்," என்றாள். நதியா உதவி எண் அச்சடித்த சின்ன அட்டையை எடுத்தபோது தலையை ஆட்டினாள். "வேணாம். நூல்கண்டுக்குள்ளகூட நோண்டிப் பாக்கற ஆளு அவுரு."

நதியா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். தொடர்பு எண் கட்டாயம், அதைப் போடாமல் மூட முடியாது. குழலிக்குப் போன் இல்லை. இருந்தது, உடைந்துபோனது. எப்படி உடைந்தது என்பதுதான் ஒன்பதாம் பகுதியின் இரண்டாவது கேள்விக்குப் பதில். போன மூன்று ரவுண்டிலும் இருந்த சிவபாலனின் எண்ணையே மறுபடி போட்டாள். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். பரிசாகக் கொடுக்கச் சொன்ன எவர்சில்வர் டிபன்பாக்ஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, அவளுக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருத்தி தோளைத் திறந்து காட்டினாள், இவள் வேலை நிரந்தரமாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை செவிலிமேட்டு அலுவலகத்துக்கு வரச்சொல்லி வெங்கடேசன் போன் செய்தார். அலுவலகம் என்றால் ஒரு புது வீட்டின் மாடி. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனாள்.

அறையில் வெங்கடேசனும், போன் சரிபார்ப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஏஞ்சலும் இருந்தார்கள். ஏஞ்சல் தலையைத் தூக்கவில்லை.

"உக்காருமா. ஒண்ணு கேளு," என்று வெங்கடேசன் கம்ப்யூட்டரில் ஒரு பதிவை ஓடவிட்டார்.

வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் நிஜமாகவே போனார்களா, கேட்டதைத்தான் எழுதினார்களா என்று பார்க்க, சில வீடுகளுக்கு அலுவலகத்திலிருந்து போன் போகும். போன ரவுண்டுக்கும் இந்த ரவுண்டுக்கும் விடை நேர்மாறாக மாறியிருந்தால் அந்த வீடு தானாகவே பட்டியலில் ஏறிவிடும். ஒன்பதாம் பகுதியை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. இந்த முறை மென்பொருள் புதுசு. அதை எழுதியவனுக்கு அது கேள்வி எண் 9.1, அவ்வளவுதான்.

பதிவில் முதலில் தறிச்சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வணக்கம் சார், குடும்பக் கணக்கெடுப்புல இருந்து பேசறோம். ஏலவார்குழலி மேடம் இருக்காங்களா?" ஏஞ்சலின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல.

"நான் வூட்டுக்காரருதான். சொல்லுமா."

"அவங்ககிட்டதான் கேக்கணும் சார்."

"தோ, இங்கதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பேசு."

"வணக்கம் மேடம். போன ரவுண்டுல உங்க கணவர் உங்கள அறைஞ்சது இல்லைன்னு சொல்லியிருந்தீங்க. இந்த ரவுண்டுல ஆமான்னு பதிவாயிருக்குது. எது சரி மேடம்?"

ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் மட்டும். ஏஞ்சல் மறுபடி கேட்டாள், அதே வார்த்தைகளை, அதே இனிமையோடு. இணைப்பு போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள்.

"கேக்கறாங்க இல்ல?" என்றது சிவபாலனின் குரல். கோபமே இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவன் குரல் மாதிரி இருந்தது. "சொல்லு குழலி."

"போன தடவ சொன்னதுதாங்க சரி."

"நன்றி மேடம். இன்னும் மூணு கேள்வி இருக்குது."

மூன்றையும் கேட்டாள். கடைசியாகச் சூடு வைத்ததைக் கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்று வந்தது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னக் குரலில். இந்த உரையாடல் தரம் கருதிப் பதிவு செய்யப்பட்டது, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று சொல்லி ஏஞ்சல் போனை வைத்தாள்.

"அய்யோ," என்றாள் நதியா. "சார், அவரு பக்கத்துல இருக்காரு சார். அந்தக்கா இன்னா ஆயிருப்பாங்க?"

"அது அப்புறம்," என்றார் வெங்கடேசன். "இப்ப இன்னான்னா, நீ நாலு கேள்விக்கு ஆமான்னு போட்டிருக்க. அந்தம்மா நாலுக்கும் இல்லன்றாங்க. பழகுங்கன்னு நான் சொன்னதுக்கு, நீயே உக்காந்து ஆமா போட்டுக்கினியா?"

"நான் போடல சார். அவங்க காட்டினாங்க."

"நான் நம்பறேன்னே வெச்சிக்க. மேல நம்பணுமே? பதிவு போயிடுச்சு. பொய்யா எழுதினான்னு ஆயிட்டா இங்க மட்டும் இல்ல, எந்தக் கம்பெனியிலயும் உன்ன எடுக்கமாட்டான், பேரு சுத்திடும். நேர்ல போயி ஒருக்கா கேட்டுடலாம். நானும் வரேன். அந்தம்மா ஆமான்னு சொல்லிட்டா உன் பேரு சுத்தம்."

ஏஞ்சல் மூக்கை உறிஞ்சினாள். "ஸ்கிரிப்ட்ல இருந்ததத்தாங்க்கா படிச்சேன்."

"நல்லாத்தான் படிச்ச," என்றாள் நதியா. "ஒரு எழுத்து விடல."

வெங்கடேசனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவள் மனசில் இரண்டு பேர் மாறி மாறி வந்தார்கள். ஒன்று குழலி. இன்னொன்று அஜித். பிள்ளையார்பாளையம் வருவதற்குள் அஜித்தான் அதிகமாக வந்துபோனான்.

சிவபாலன் வாசலிலேயே நின்று வரவேற்றான். சட்டை போட்டு, விபூதி பூசி, சம்பந்திகளை எதிர்பார்த்தவன் மாதிரி. இரண்டு நாற்காலி போட்டான். வெங்கடேசன் ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றில் சிவபாலன் உட்கார்ந்தான்.

"சார், இவரக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க சார், தனியாத்தான கேக்கணும்," என்றாள் நதியா.

"என் வூட்ட வுட்டு என்னையேவா?" என்றான் சிவபாலன். "இந்தப் பொண்ணுக்குத் தைரியம்தான் சார். குழலி! வா, ஆபீசரு வந்திருக்காரு."

குழலி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தது. பஞ்சில் மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது. வெங்கடேசன் வணக்கம் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் தலையைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினாள்.

"இந்தக் காதுல கேக்கல சார். இந்தப் பக்கம் சொல்லுங்க."

"குளிக்கற எடத்துல வழுக்கிடுச்சு," என்றான் சிவபாலன்.

வெங்கடேசன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கணவனுக்கு நேரே, கணவனை உட்காரவைத்துக்கொண்டு, இவர் உங்களை அடிப்பாரா என்று கேட்டார். குரலைச் சற்று உயர்த்திக் கேட்டார், காது கேட்காதவள் அல்லவா.

"சாமி மாதிரி மனுஷன் சார் அவுரு," என்றாள் குழலி. அவள் நதியாவைப் பார்க்கவே இல்லை. "நான் ஒண்ணும் சொல்லல. எண்ணெயப் பத்திக் கேட்டா, சொன்னேன். மீதிய இவளே எழுதிக்கினா. கண்டவங்கள அடுப்பங்கர வரைக்கும் வுட்டது என் தப்பு. இவங்க வூட்டுங்கள்ல தெனம் நடக்கறத எங்க வூட்டுல நடந்த மாதிரி எழுதினா இன்னா சார் அர்த்தம்? நம்ம தெருப் பொண்ணா இருந்தா எழுதுவாளா?"

சிவபாலன் கைகளை விரித்துக் காட்டினான். பார்த்தீர்களா என்பதுபோல.

அந்தப் பஞ்சைக் கண்ட உடனேயே நதியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வார்த்தைகளைக் குழலி தன் உயிருக்காகச் சொல்கிறாள் என்பதும் விளங்கிவிட்டது. விளங்கின பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். இதைத் தெரியாமல் செய்தாள் என்று யாரும் அவளுக்காகப் பரிந்து பேச வேண்டாம். இவங்க வூட்டுங்கள்ல என்ற அந்த வார்த்தை அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. அதற்குப் பின்னால் வேலை நின்றது, வேலைக்குப் பின்னால் அஜித் நின்றான்.

"எடது தோளக் காட்டச் சொல்லுங்க சார்," என்றாள்.

குழலி இப்போது பார்த்தாள்.

"நான் பொய்யா எழுதினேன்னா அங்க ஒண்ணும் இருக்கக் கூடாதில்ல? இஸ்திரிப்பெட்டி வெச்ச தழும்பு இருக்குது சார். காட்டச் சொல்லுங்க."

வெங்கடேசன் நெளிந்தார். "அதெல்லாம் எப்படிம்மா..."

"ஏன் சார், காட்டட்டுமே," என்றான் சிவபாலன். நாற்காலியில் முன்னால் சாய்ந்துகொண்டான். முகத்தில் அந்தப் பழைய மரியாதை அப்படியே இருந்தது. "ஆபீசர் நேர்ல பாத்துக்கினா அவருக்கும் திருப்தி. காட்டு குழலி."

"வேணாங்க."

"காட்டுடி."

ஒரு அந்நிய ஆணுக்கு எதிரே அவள் முந்தானையை ஒதுக்கினாள். ஊக்கைக் கழற்றக் கை வரவில்லை, நேரமானது. சிவபாலன் எழுந்து போய், அவசரப்படாமல், அவனே கழற்றி, ஜாக்கெட்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான். வெளிச்சம் படும்படி அவளைத் திருப்பியும் வைத்தான். புடவையை வாங்க வந்தவர்களுக்குக் கரையைத் திருப்பிக் காட்டும்போது அவன் கை இப்படித்தான் இருக்கும்.

கூர்முனை. அதிலிருந்து விரிந்து வரும் இரண்டு ஓரங்கள். இஸ்திரிப்பெட்டியைப் பார்த்திருக்கிற எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

"இது எப்படி ஆச்சும்மா?" என்று வெங்கடேசன் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"கஞ்சி வடிக்கச் சொல்ல கொட்டிக்கினேன்," என்றாள் குழலி.

கஞ்சி கூராக விழாது. அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரியும். வெங்கடேசன் நெடுநேரம் தழும்பைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைப் பார்த்தார். விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார். சமையல் விபத்து என்ற வரி பச்சையானது.

"காது?" என்றாள் நதியா. "காத எங்க சார் போடுவீங்க?"

"அது நேர்காணல் தேதிக்கு அப்புறம் ஆனதும்மா," என்றார் வெங்கடேசன். "இந்த ரவுண்டுல வராது. அடுத்த ரவுண்டுல வரும்."

சிவபாலன் அவர்களைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டான். மூன்று வருஷம் கழித்து மறக்காமல் வரச் சொன்னான். "இந்தப் பொண்ணையே அனுப்புங்க சார். நல்லாப் பழகிடுச்சு."

பைக் கொஞ்ச தூரம் ஓடியது. வெங்கடேசன் பெட்டிக்கடை ஒன்றின் எதிரே நிறுத்தினார். இரண்டு டீ சொன்னார். ஒன்றை அவளிடம் கொடுத்தார், கண்ணாடித் தம்ளரில்.

"நீ பொய் எழுதலன்னு நான் கண்ணால பாத்துட்டேன்," என்றார். "மேல எழுதிடறேன். பணியாளர் மேல தப்பில்ல, பதில் சொன்னவங்க மாத்திச் சொல்லிட்டாங்க, விடை 'இல்லை' எனத் திருத்தப்பட்டது. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. நிரந்தரத்துக்கும் உன் பேரத்தான் சொல்லப் போறேன். இவ்ளோ தூரம் வந்து நின்னு நிரூபிச்ச பாரு, அது பெரிய விஷயம்."

நதியா டீயைக் குடித்தாள். சூடாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. வேலை போகவில்லை. வைகாசியில் அம்மா வாயைத் திறக்க முடியாது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். பேராசிரியைமேல், மென்பொருள் எழுதியவன்மேல், வெங்கடேசன் கண்ணாடித் தம்ளரில் வாங்கிக் கொடுத்ததன்மேல், எல்லோருக்கும் கடைசியில் குழலிமேல். இல்லை என்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே. இத்தனை வருஷம் சொன்னவள்தானே.

"அந்தக்காவ ஆஸ்பத்திரிக்காவது கூட்டிக்கினு போகச் சொல்லலாமா சார்?"

"தலையிட்டா அந்த வூடு கெட்டுடும்மா. இத்தன வருஷ வூடு." அவர் சில்லறை தேடினார். "மத்தியானத்துக்கு மேல உனக்கு இன்னா பாக்கி?"

"திருப்பருத்திக்குன்றம் சார். ஒரு வூடு."

"முடிச்சிடு. நேத்தே முடிஞ்சிருக்கணும்."

அந்த வீடு சமணர் கோயிலுக்குப் போகும் தெருவின் ஓரத்தில் இருந்தது. இளவரசி என்று ஒருத்தி, நதியாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள், பாய் விரித்துப் போட்டுக் காத்திருந்தாள். கணவன் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் நதியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூரை, கக்கூஸ், மிக்சி, முட்டை. இளவரசி எல்லாவற்றுக்கும் அவசர அவசரமாக, ஏதோ முக்கியமான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியவள்போல, பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டாம் பகுதி முடிந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நதியா ஒன்பதாம் பகுதியைத் திறந்தாள். கேள்வியைப் படிக்கவில்லை. முதல் கட்டத்தில் 'இல்லை'யைத் தொட்டாள். இரண்டாவதில் தொட்டாள். விரல் நிற்காமல் கடைசிவரை போனது. டேப்லெட் ஒரு முறை மெல்ல அதிர்ந்து, போன ரவுண்டோடு விடைகள் எல்லாம் ஒத்துப்போவதாகச் சொன்னது.

"முடிஞ்சிச்சுங்க்கா. இந்தாங்க டிபன்பாக்ஸு."

இளவரசி அதை வாங்கவில்லை. மடியில் கோத்திருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"போன தடவ வந்தவங்க கடைசியா தனியா ஏதோ கேட்டாங்களேம்மா. அன்னிக்கு மாமியா இருந்தாங்க, சரியா சொல்ல முடியல. அதனாலதான் இன்னிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். அது கேக்கலையா?"

"இந்தத் தடவ அது இல்லக்கா," என்றாள் நதியா.